படத்தை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்: 3டி கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும், ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தின் ஓர் ஓரத்திலோ சொந்த வீட்டின் மாடியறையிலோ அமர்ந்து, இன்னும் அஸ்திவாரம் தோண்டாத கட்டடங்களுக்கு உருவம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய நிறுவனங்களில் உங்களை விஷுவலைசர் என்கிறார்கள். சின்ன ஊர்களில் 'எலிவேஷன் போடுற தம்பி' என்றால்தான் தெரியும். உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஒரு வீடு எழும்போது ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போடுகிறார், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போடுகிறார், அனுமதி தரும் அதிகாரி போடுகிறார். உங்கள் பெயர் எந்தத் தாளிலும் வருவதில்லை. ஆனால் வீடு கட்டுகிற குடும்பம் பார்த்துப் புரிந்துகொள்வது உங்கள் தாள் ஒன்றைத்தான். பிளானில் 9 அங்குலச் சுவர் எது, 4½ அங்குலச் சுவர் எது என்று பிரித்துப் பார்க்க அவர்கள் பழகியவர்கள் இல்லை. செக்‌ஷனில் லிண்டல் எந்த மட்டத்தில் ஓடுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் அனுப்பும் படம் அன்றிரவே வாட்ஸப்பில் மைத்துனருக்குப் போகிறது, துபாயில் வேலை பார்க்கும் மகனுக்குப் போகிறது. எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் வேலை தொடங்குகிறது. சைட்டில் மேஸ்திரிகூடப் பல நேரம் ஒர்க்கிங் டிராயிங்கைச் சுருட்டி வைத்துவிட்டு, போனில் உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் பூச்சில் கோடு எடுக்கிறார். அடுக்குமாடி வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மனையில் புல் முளைத்துக் கிடக்கும்போதே, விளம்பரத்தில் வந்த ஒரு படத்தைப் பார்த்து, 20 வருட வங்கிக் கடனுக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

அப்படியிருக்க, உங்கள் படம் ஒரு வாக்குறுதி ஆகிவிடுகிறது. நீங்கள் அப்படி எண்ணிச் செய்திருக்காவிட்டாலும் வாங்குகிறவர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். அந்த வாக்கு மெய்யாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். கட்டடக்கலையை வெகுகாலமாகத் தொழிலாகவும் பாடமாகவும் கொண்டவன் நான். உங்களில் சிலருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன், பலரோடு வேலை செய்திருக்கிறேன். உங்கள் கைத்திறனில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அது எதற்குச் செலவாகிறது என்பதில்தான் கவலை.

நீங்கள் தினமும் திறக்கும் வி-ரே, கரோனா, பிளெண்டரின் சைக்கிள்ஸ் எல்லாவற்றுக்கும் பின்னால் சிலருடைய நேர்மையான உழைப்பு இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கிரீன்பெர்க்கின் குழு, ஒரு சின்னப் பெட்டியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது. உள்ளே வெள்ளை, பக்கச் சுவர்களுக்கு மட்டும் வண்ணம். ஒரு சுவரின் வண்ணம் ஒளியோடு சேர்ந்து அடுத்த சுவரில் எப்படிப் படிகிறது என்பதைக் கணக்கிட்டு 1984-இல் படமாக்கிக் காட்டினார்கள். அதோடு விடவில்லை. அப்படி ஒரு பெட்டியை நிஜமாகவே செய்து வைத்தார்கள். நிஜப் பெட்டியையும் கணினிப் படத்தையும் இரண்டு கேமராக்களின் கண்ணாடித் திரைகளில் அருகருகே காட்டி, எது நிஜம் என்று பார்த்தவர்களைக் கேட்டார்கள். குத்துமதிப்பாகச் சொல்வதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியவில்லை என்று 1986-இல் எழுதினார்கள். அதே ஆண்டில் ஜேம்ஸ் கஜியா வெளியிட்ட ஒளிச் சமன்பாட்டின் மேல்தான் இன்றைய ரெண்டர் எஞ்சின்கள் நிற்கின்றன.

படத்தை நிஜத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே நம்பும் பழக்கம், இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது. ஒளி சுவரில் பட்டுத் திரும்பும் கணக்கில் மென்பொருள் இன்றைக்கும் பொய் சொல்வதில்லை. சூரியன் எங்கே இருக்கிறது, பக்கத்து மனையில் என்ன இருக்கிறது, கேமரா எங்கே நிற்கிறது, கட்டில் எவ்வளவு நீளம் என்று நாம் கொடுக்கும் தகவலில்தான் பொய் நுழைகிறது.

சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்துவிடும். வடக்குச் சுவரிலும் நண்பகல் வெயில் விழும். டிசம்பர் 21-இல்கூட நண்பகலில் சூரியன் 53 பாகை உயரத்தில் இருப்பதால் 10 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் ஏழரை மீட்டரைத் தாண்டாது. அதே நாளில் லண்டனில் சூரியன் 15 பாகைதான் எழும்புகிறது. அதே கட்டடத்தின் நிழல் 37 மீட்டருக்கு நீளும். நம் படங்களில் முற்றம் முழுக்க இழுபடும் நீள நிழலும் தேன் நிறச் சாய்ந்த ஒளியும், நண்பகலில் வேறு நாட்டு வானத்துக்கு உரியவை. இங்கே அவை காலை சூரியன் உதித்த பிறகும் மாலை மறைவதற்கு முன்பும் கொஞ்ச நேரம் வந்து போகும். வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பில் ஜனவரி மாதத்தில் வெயில் அடிப்பதுபோல் வரும் படங்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்த ஒளி அந்த முகப்பில் அந்த மாதத்தில் ஒரு நாளும் விழப்போவதில்லை.

மென்பொருளில் ஊரின் பெயரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் சூரியன் தன் இடத்தில் போய் நின்றுகொள்ளும். ஒரு நிமிட வேலை. அதனால் கிடைக்கும் பலனோ பெரியது. மேற்குப் பார்த்த படுக்கையறைக்கு மே மாத நடுவில் மாலை 4 மணிக்கு ஒரு படம் எடுங்கள். அப்போது சென்னையில் சூரியன் 33 பாகை உயரத்தில் இருக்கும். 2 அடி சன்ஷேடு, 4 அடி உயர ஜன்னலில் மேலிருந்து ஒன்றரை அடிக்கும் குறைவாகத்தான் நிழல் கொடுக்கும். மீதி வழியாக வெயில் நேரே கட்டிலில் விழும். அந்தப் படத்தைக் காட்டினால் வீட்டுக்காரர் தாமே கேட்பார்: 'ஜன்னலை வேறு பக்கம் வைக்க முடியுமா? வெளியே ஒரு ஜாலிச் சுவர் கட்டலாமா?' கட்டி முடித்த பிறகு ஏசி வாங்கி ஈடுகட்ட வேண்டிய தவறு, கட்டுவதற்கு முன்பே படத்தில் தீர்ந்துபோகும். இப்படி ஒரு படம் செய்யும் நன்மையை, மாலை மயங்கும் நேரத்தில் எல்லா விளக்கும் எரிகிற பத்துப் படங்கள் செய்யாது.

அடுத்த வீட்டுக்கு வருகிறேன். நம் மனைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருப்பவை. பக்கவாட்டில் 4 அடி, 5 அடி இடைவெளி. அதைத் தாண்டினால் பக்கத்து வீட்டின் மாடிச்சுவர். அந்தச் சுவரை அழித்துவிட்டு அங்கே நீல வானத்தையும் புல்தரையையும் வைக்கும்போது, கீழ்த்தள அறைக்குள் வராத வெளிச்சம் படத்தில் வந்துவிடுகிறது. பகலிலும் விளக்குப் போட்டு வாழப்போகிற ஓர் அறையை ஒளி வெள்ளத்தில் காட்டிவிடுகிறோம். வாசலில் நிற்கும் டிரான்ஸ்பார்மரையும் குறுக்கே போகும் மின்கம்பிகளையும் அழித்துவிடுகிறோம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, ஏசியின் வெளியலகு, துணி காயப்போடும் கொடி ஒன்றுமே படத்தில் இருப்பதில்லை. அவற்றுக்கென்று படத்தில் இடம் யோசிக்காததால் கட்டடத்திலும் யோசிப்பதில்லை. பிறகு அவை முகப்பின் நடுவில் வந்து உட்காருகின்றன.

இங்கிலாந்தில் தோட்டக்கலை அமைப்பாளர் ஹம்ஃப்ரி ரெப்டன் 1788 முதல் உங்கள் வேலையைக் கையால் செய்தார். தன்னிடம் வரும் நிலக்கிழார்களுக்குச் சிவப்புத் தோல் அட்டை போட்ட புத்தகம் ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பார். அதில் நீர்வண்ணப் படத்தின் மேல் ஒரு தாள் மடிப்பு ஒட்டியிருக்கும். மடிப்பு மூடியிருந்தால் நிலம் இன்றிருக்கும் கோலம். தூக்கினால் அவர் முன்வைக்கும் மாற்றம். இருப்பதையும் வரப்போவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வைத்தார். 200 வருடங்களுக்கு மேலாகியும் இதைவிட நல்ல முறையை நான் கண்டதில்லை. சைட்டில் ஒரு போட்டோ, அதே இடத்திலிருந்து உங்கள் ரெண்டர். இரண்டையும் ஒரே தாளில் கொடுங்கள். போட்டோ எடுக்க உங்களை யாரும் அனுப்புவதில்லை என்றால், வீட்டுக்காரரிடமே போனில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உள்ளறைப் படங்களில் நடப்பது இன்னும் வருத்தம் தருகிறது. 10-க்கு 11 அடி அறை. மென்பொருளில் கேமராவைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, குறுக்கே நிற்கும் சுவரை மறைத்து, 18 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் அந்த அறை கல்யாண மண்டபம் போலத் தெரியும். மனிதர் யாரும் நிற்க முடியாத இடத்தில் நின்று பார்த்த காட்சி அது. சிலர் கட்டிலையும் கொஞ்சம் சுருக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டில் ஆறரை அடி நீளம். அதை 10 அடிப் பக்கமாகப் போட்டால் மீதி மூன்றரை அடி. எதிர்ச்சுவரில் 2 அடி ஆழ அலமாரி வைத்தால் மிஞ்சுவது ஒன்றரை அடி. அலமாரிக் கதவைத் திறந்தால் நிற்க இடமில்லை. முதல் குழந்தை பிறந்து தொட்டில் வரும்போதுதான் அந்தத் தம்பதிக்கு இது உறைக்கும். அதற்குள் வாங்கி முடித்திருப்பார்கள். அறையின் வாசலில், கண் மட்டத்தில், கண் பார்ப்பதற்கு நெருக்கமான லென்ஸில் எடுத்த ஒரு படமாவது ஒவ்வொரு அறைக்கும் இருக்கட்டும். அகலமான படம் வேண்டும் என்று கேட்டால் அதையும் கொடுங்கள், இதோடு சேர்த்து.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மென்பொருளின் நூலகத்தில் மேப்பிளும் பிர்ச்சும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. நம் தெருவில் நிற்பவை வேம்பும் புங்கையும் பூவரசும் தென்னையும். இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தில் லக்கி சேனநாயக்க வரைந்த வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு மரமும் தனக்குரிய கிளையோடும் இலையோடும் நிற்கும். இன்ன மரம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அந்தக் கட்டடங்கள் மரங்களோடு அவ்வளவு இணக்கமாக எழுந்ததற்கும், மரங்களை அவ்வளவு மதித்து வரைந்ததற்கும் தொடர்பு உண்டு என்றே நான் நம்புகிறேன். படத்தில் அடையாளம் தெரியாத ஒரு பச்சைப் பொதியாக இருக்கும் மரத்தை சைட்டில் வெட்ட யாரும் யோசிப்பதில்லை.

கட்டடம் நாளடைவில் எப்படி ஆகும் என்பதையும் படம் காட்டலாம். 1830-இல் இங்கிலாந்து வங்கிக் கட்டடத்தை ஜோசப் கேண்டி வரைந்த ஒரு படம் உண்டு. கட்டியவர் ஜான் சோன். பல்லாண்டு உழைத்து எழுப்பிய தன் கட்டடத்தை, காலம் தின்று கூரை போய் நிற்கும் இடிபாடுபோல் வரைய வைத்தார். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நாலைந்து முறை அடித்த பிறகு இந்த முகப்பு எப்படி இருக்கும் என்று ஒரு படம் செய்யுங்கள், போதும். கைப்பிடிச் சுவரின் தலையிலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கும். 3டியில் அழகாக இருந்த கிடைமட்டப் பட்டைகளில் தூசு படியும். துடைக்கக் கை எட்டாது. வெள்ளைப் பூச்சின் அடியில் செம்மண் தெறித்திருக்கும். இதைப் பார்த்த வீட்டுக்காரர், மழைநீர் சொட்டி விழ ஒரு விளிம்பு வையுங்கள் என்று கட்டாயம் கேட்பார்.

உங்கள் வேலையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி எந்தப் படத்திலும் தெரியாதது. ஒரு கட்டடம் முதன்முதலில் கட்டப்படுவது உங்கள் கணினியில்தான். தாளில் இருக்கும்வரை பிளான் ஒன்று சொல்லலாம், எலிவேஷன் வேறு சொல்லலாம். இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும். மாடல் செய்ய உட்கார்ந்தால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பிளானில் 5 அடி ஜன்னல் எலிவேஷனில் 4 அடியாக இருப்பதை முதலில் காண்பவர் நீங்கள். மாடிப்படி திரும்பும் இடத்தில் பீம் தலையில் இடிக்கும் என்பதும், கழிவறைக் குழாய் இறங்கும் டக்ட் நேர் கீழே வரவேற்பறையில் வந்து முடிகிறது என்பதும் உங்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. என்ன செய்கிறீர்கள்? நாளைக் காலைக்குள் படம் வேண்டும் என்பதால் பீமைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு, டக்டை மறைத்துவிட்டு, ரெண்டரை ஓடவிடுகிறீர்கள். படம் அழகாக வந்துவிடுகிறது. பிழை சைட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே கான்கிரீட்டை உடைத்துத்தான் அதைத் திருத்த வேண்டும்.

தயவுசெய்து சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். பிழை தெரியும் இடத்தை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, ஆர்க்கிடெக்டுக்கு அனுப்புங்கள். முதலில் சலித்துக்கொள்வார். இரண்டு வேலை முடிவதற்குள் உங்களை விட்டால் ஆளில்லை என்று புரிந்துகொள்வார். என் அனுபவத்தில் ஒரு நல்ல விஷுவலைசர் காப்பாற்றிக் கொடுத்த பணம், அவருக்குக் கொடுத்த கூலியைவிட எப்போதும் அதிகம்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரெரா என்று எல்லோரும் சொல்லும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்திலோ விவரக்குறிப்பிலோ மாதிரி வீட்டிலோ இருந்த தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு புரோமோட்டர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. திட்டத்திலிருந்து விலக விரும்பினால், கட்டிய முழுத் தொகையும் வட்டியோடு திரும்ப வேண்டும். பொறுப்பு புரோமோட்டருடையது, உங்களுடையதாகச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் 'கொஞ்சம் பெரிசா காட்டுங்க, எதிர்ல பார்க் மாதிரி வைங்க' என்று அவர் கேட்கும்போது, மறுப்பதற்கு உங்கள் கையில் இருக்கும் நல்ல காரணம் அந்தப் பிரிவு. 'சார், இது உங்களுக்கே ஆபத்து' என்று சொல்லலாம். சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

லண்டனில் ஒரு பெரிய கட்டடம் நகரத்தின் முக்கியமான காட்சியொன்றில் குறுக்கிடுமானால், அனுமதிக்காகக் கொடுக்கும் படத்துக்கு விதிமுறை உண்டு. போட்டோ எடுத்த இடத்தை சர்வே செய்து, லென்ஸைக் குறித்து, தெரிந்த புள்ளிகளோடு மாடலைப் பொருத்தி, எவ்வளவு விவரம் காட்டியிருக்கிறது என்பதை நான்கு நிலைகளில் ஒன்றாக அறிவிக்க வேண்டும். நகரம் முடிவெடுக்க உதவும் சாட்சியமாகப் படத்தை அங்கே நடத்துகிறார்கள். அரசு விதி வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. படத்தின் மூலையில் ஒரு வரி எழுதப் பழகுங்கள்: 'ஏப்ரல் 20, காலை 9 மணி, வடகிழக்கிலிருந்து, 35 மி.மீ. லென்ஸ், கண் மட்டம் 5 அடி. எதிர்வீடும் வேப்பமரமும் சைட்டில் உள்ளபடி. தோட்டம் கற்பனை.' நாலு பேர் எழுதத் தொடங்கினால், எழுதாத படத்தைப் பார்த்து வாங்குகிறவரே கேள்வி கேட்பார்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கோட்டுப் படத்தைக் கொடுத்தால் சில நொடியில் போட்டோ போல ஒன்று வருகிறது. பிழைப்பு போய்விடுமோ என்று உங்களில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அந்தப் படத்தை ஒருமுறை பிளானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தூண் காணாமல் போயிருக்கும், இல்லாத ஜன்னல் ஒன்று முளைத்திருக்கும், பால்கனி எதன்மேல் நிற்கிறது என்றே தெரியாது. முகப்புக்கு ஒரு சாயல் தேடிப் பார்ப்பதற்கு அது உதவும். இன்ன அளவில், இன்ன பொருளில், இன்ன வெயிலில் இதுதான் வரும் என்று உறுதி கொடுக்க அதனால் ஆகாது. அழகை மட்டும் விற்றால் இயந்திரம் உங்களை முந்திவிடும். வரைபடத்துக்கும் மனைக்கும் உண்மையாக இருக்கும் படத்துக்கு, மனையைப் பார்த்து வரைபடத்தைப் படித்த ஒரு மனிதர் தேவை. உங்கள் எதிர்காலம் அங்கேதான் இருக்கிறது.

பெயர் வராமல் உழைப்பது உங்களோடு தொடங்கியதில்லை. ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் புகழை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன 1910-ஆம் ஆண்டு வாஸ்முத் தொகுப்பின் பல படங்கள் மரியன் மஹோனியின் கைவேலை. அமெரிக்காவில் உரிமம் பெற்ற முதல் பெண் கட்டடக்கலைஞர்களில் ஒருவர் அவர். 1912-இல் கேன்பரா நகரத் திட்டப் போட்டியில் அவர் கணவர் வால்டர் பர்லி கிரிஃபின் வென்றதற்கு, மரியன் துணியில் தீட்டிய பெரும் படங்கள் முக்கியக் காரணம். வெகுகாலம் அந்த வெற்றி ஒருவர் பெயரிலேயே பேசப்பட்டது. பின்னாளில் அந்தத் தம்பதி லக்னோவில் வந்து வேலை செய்தார்கள் என்பது நமக்குச் சற்றே நெருக்கமான செய்தி. உங்கள் பெயரும் படத்தின் மூலையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பெயர் இருந்தால் பொறுப்பும் கூடும், பேரம் பேசும் பலமும் கூடும்.

உங்கள் நிலைமை தெரியாமல் இதையெல்லாம் அடுக்கவில்லை. இரவு 11 மணிக்கு வரும் திருத்தம், 'ஒரே ஒரு வியூ ஃப்ரீயா குடுங்க' என்ற கெஞ்சல், வராத பாக்கி எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் நாளையே மாற்றச் சொல்லவில்லை. அடுத்த வேலை வரும்போது, ஃபைலைத் திறப்பதற்கு முன் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: வடக்கு எது, சைட் போட்டோ எங்கே. இவை வராமல் ரெண்டர் போடாதீர்கள். நீங்கள் படம் செய்த வீடு ஏதேனும் உங்கள் ஊரில் கட்டி முடிந்திருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், உங்கள் கேமரா நின்ற இடத்திலேயே நின்று, படத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கெங்கே வேறுபடுகிறது என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்புகளை அடுத்து வரும் இளையவர்களுக்கும் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு வேலை செய்யும் ஒரு கட்டடக்கலைஞர்